ஏழு இடங்களில் ஒரு பிழை

சென்ற குளிர்காலத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து இரண்டு புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்தோம். ஒன்று என்னுடைய சிறுகதைத் தொகுப்பு. மற்றொன்று என் நண்பரின் தாயார் பல ஆண்டுகளுக்கு முன் சிற்றிதழ்களில் எழுதி, அவர் மறைந்த பிறகு ஓர் இரும்புப் பெட்டியிலிருந்து கிடைத்த கட்டுரைகள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மெய்ப்புப் பார்த்தார். அவரை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் அழைப்போம். எங்களில் இளையவரான ஒரு பெண் பக்க வடிவமைப்பைக் கவனித்துக்கொண்டார். நண்பர் தாயாரின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்தார். நான் மற்ற எல்லா வேலைகளையும் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். தொகுப்பு வெளிவர வேண்டும் என்று அவசரப்பட்டதுதான் நான் செய்த முக்கியமான வேலை என்று சார் சொல்வார்.

நட்பினால் கூடினோம் என்பதைவிடக் குளிருக்காகக் கூடினோம் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் நாள்களில் என் வீட்டில் ஓர் அறைதான் உட்காரும்படியாக இருந்தது. சூடேற்றி ஒன்று, அதன் எதிரே மேசை ஒன்று, மேசைக்கு மேல் விளக்கு ஒன்று. கோடைக்காலமாக இருந்திருந்தால் ஆளுக்கொரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அவரவர் வீட்டில் தனித்தனியாகப் பார்த்திருப்போம். புத்தகமும் அதற்கேற்பத்தான் வந்திருக்கும்.

முதல் நாளே சார் ஒரு விதியைச் சொல்லிவிட்டார். மெய்ப்பை இருவர் பார்க்க வேண்டும். ஒருவர் மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் அச்சுப்படியில் பென்சிலோடு பின்தொடர வேண்டும். படிப்பவர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'அவள் கதவைத் திறந்தாள், த் உண்டு, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி' என்று கேட்கும்போது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நான் ஓராண்டு உழைத்து எழுதிய துயரமான முடிவு ஒன்றைக் காற்புள்ளிகளோடு சேர்த்து உரக்கப் படிக்கக் கேட்டபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. தேவையில்லாத இரண்டு வாக்கியங்களை அன்றே வெட்டினேன்.

தனியாகப் படிக்கும் கண், தாளில் இருப்பதைப் படிப்பதில்லை. இருக்க வேண்டும் என்று தான் நினைப்பதைப் படிக்கிறது. எழுதியவனுடைய கண்ணென்றால் கேட்கவே வேண்டாம். என் கதையொன்றில் 'என்று' என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்ததை நான் ஆறு முறை படித்தும் காணவில்லை. வடிவமைப்பாளர் வாய்விட்டுப் படித்தபோது அவருடைய நாக்கு அந்த இடத்தில் தடுக்கியது. ஆனால் காதை முழுவதும் நம்பவும் முடியாது. அரமும் அறமும், பொரித்ததும் பொறித்ததும் எங்களில் பலருடைய உச்சரிப்பில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நகர னகர வேறுபாட்டைக் காதால் பிடிப்பவர் எங்களுக்குள் யாரும் இல்லை. அந்தப் பிழைகளைச் சாரின் பென்சில்தான் பிடித்தது. லகர ளகர ழகரங்களைப் பிசகாமல் சொல்லக்கூடியவர் வடிவமைப்பாளர் ஒருவரே என்பதால், கடினமான பக்கங்களைப் படிக்கும் பொறுப்பு அவருக்கே போய்ச் சேர்ந்தது. நடுநடுவே விரல்களைச் சூடேற்றியின் முன் விரித்துப் பிடித்துக்கொண்டே படிப்பார்.

அந்தச் சூடேற்றியே ஒரு நாள் எங்களை ஏமாற்றியது. குளிர்காலத்தில் மூடிய அறையைச் சூடேற்றினால் காற்று வறண்டுவிடும்; வறண்ட காற்றில் தாள்களில் நிலைமின்சாரம் சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு மாலையில் நான் மூலப்படியைப் படிக்க, நண்பர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கட்டில் இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டிருக்கின்றன. 88ஆம் பக்கம் 'அவள் எதுவும் பேசாமல்' என்று முடிகிறது. 90ஆம் பக்கம் 'திரும்பி நடந்தான்' என்று தொடங்குகிறது. நான் தடங்கலின்றிப் படித்துக்கொண்டே போனேன். நண்பர் 'நடந்தாள்னுதானே இருக்கணும்?' என்று கேட்டாரே தவிர, நடுவில் ஒரு முழுப் பக்கம் காணாமற்போனதை இருவருமே உணரவில்லை. தம் கையிலிருந்த அச்சுப்படியை விட்டுவிட்டுக் கதையில் லயித்துவிட்டார் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. சார் இருவரையும் 80ஆம் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கச் சொன்னார்.

சண்டைகளும் நடந்தன. நாள்களா நாட்களா என்பதில் ஒரு மாலை முழுவதும் கழிந்தது. 'நாட்கள் என்றால் நாள்பட்ட கள்' என்ற பழைய வேடிக்கையைச் சார் சொல்ல, தாயாரின் தலைமுறையில் பலரும் நாட்கள் என்றே எழுதியிருக்கிறார்களே என்று நண்பர் கேட்டார். வாழ்த்துகளுக்கு நடுவே க் வேண்டுமா, முயற்சிக்கிறேன் என்று எழுதலாமா, முயல்கிறேன் என்றுதான் எழுத வேண்டுமா என்று வரிசையாக வந்தன. இவற்றில் சில இலக்கணக் கேள்விகள், சில பழக்கம் பற்றிய கேள்விகள், சில வெறும் பிடிவாதம். எதை எடுத்துக்கொண்டாலும் ஒரே புத்தகத்துக்குள் இரண்டு விதமாக வரக்கூடாது என்பதுதான் என் கட்சி. கடைசியில் ஒரு தாளை எடுத்துத் தீர்ந்த வழக்குகளையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டினோம். என் புத்தகத்துக்கு ஒரு தாள், தாயாரின் புத்தகத்துக்கு ஒரு தாள். இரண்டும் வேறுவேறாக இருந்தன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த வினைக்கு அதுதான் விதை.

தாயாரின் கட்டுரைகள் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவை. அந்தச் சீர்திருத்தம் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகளின் உருவத்தை மாற்றியது. கதர்த்தாள் போலப் பழுத்துப்போன அந்தக் கத்தரிப்புகளை வருடியில் படமெடுத்து, எழுத்துணரி மென்பொருளில் கொடுத்துப் பார்த்தோம். பழைய லை, னை வரும் இடமெல்லாம் அது தடுமாறி விழுந்தது. துணைக்காலை ரகரமாகவும் ரகரத்தைத் துணைக்காலாகவும் படித்தது. திருத்துவதைவிடத் தட்டச்சு செய்வதே சுலபம் என்று நண்பர் முடிவு செய்தார். மேலே துதிக்கை போலச் சுழித்த வளைவோடு நிற்கும் லையை அதற்கு முன் அதிகம் பார்த்திராத வடிவமைப்பாளர், இரண்டு நாள்கள் அந்தத் தாள்களை விளக்கடியில் வைத்து வாசித்துப் பழகினார். மூன்றாம் நாள், பழைய எழுத்துதான் அழகு என்று அறிவித்தார்.

தட்டச்சில் வேறொரு விதமான பிழையும் ஒளிந்திருந்தது. தாயாருக்கு மௌனம் என்ற சொல் மிகவும் பிடிக்கும் போலிருக்கிறது, எங்கும் வரும். ஆனால் கணினியில் தேடினால் பாதி இடங்கள் அகப்படவில்லை. உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. இறுதியில் வடிவமைப்பாளர்தான் கண்டுபிடித்தார்: நண்பர் சில நாள்கள் மகரத்தோடு ஔகாரக் குறியைத் தட்டியிருக்கிறார், சில நாள்கள் மெ என்று தட்டி அதன் பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார். மௌனம், மெளனம். தாளில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கணினிக்கு முன்பின் அறியாத இருவர். மனிதக் கண்ணுக்கு இது பிழையே இல்லை. ஆனால் மின்னூலில் ஒருவர் அந்தச் சொல்லைத் தேடினால் பாதிதான் கிடைக்கும், அகரவரிசையில் இடம் மாறி நிற்கும். குளிரில் விறைத்த விரலோடு தட்டியதால் வந்தது என்று நண்பர் சமாதானம் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது; ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எல்லாப் பிழைகளுக்கும் நாங்கள் சொன்ன சமாதானம் அதுதான்.

பெரிய வழக்கு அதன் பிறகு வந்தது. தாயார் சுவரில் என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'சுவற்றில்' என்று எழுதியிருந்தார். சார் பென்சிலை எடுத்தார். வயிறு, கிணறு, சேறு என்று றுகரத்தில் முடியும் சொற்கள்தாம் வயிற்றில், கிணற்றில், சேற்றில் என்று இரட்டிக்கும். சுவர் ரகர மெய்யில் முடிகிறது, ஆகவே சுவரில்தான் என்று விளக்கினார். நண்பர் மறுக்கவில்லை. ஆனால் தலையைக் குனிந்தபடியே, 'அம்மா பேசும்போதும் அப்படித்தான் சார் சொல்வாங்க. திருத்தினா வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு' என்றார். 'அச்சில் வந்துவிட்டால் படிக்கிற பிள்ளைகள் அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும், தம்பி' என்றார் சார். நாற்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவரால் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது.

இந்த வழக்கு மூன்று மாலைகள் நடந்தது. இருவரும் ஒருவரையொருவர் மிகவும் மதித்ததால் சண்டை கூடுதலாகவே நீண்டது. நான் இரு பக்கமும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் வடிவமைப்பாளர் கேட்ட கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது: இது அம்மாவின் பிழையா, அந்தக் காலத்து அச்சகத்தில் எழுத்துக் கோத்தவரின் பிழையா? அச்சுக் கோத்தவருடையது என்றால் திருத்திவிடலாம்; அம்மாவுடையது என்றால் யோசிக்க வேண்டும். மறுநாள் நண்பர் இரும்புப் பெட்டியிலிருந்து தாயாரின் கைப்பிரதி நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், 'சுவற்றில்' என்று தெளிவாக இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அச்சில் ஒற்று விடுபட்டிருந்த பல இடங்களில் நோட்டில் ஒற்று இருந்தது. அவையெல்லாம் அவருடைய பிழைகள் அல்ல.

சார் அந்த நோட்டை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பாடபேதங்களை எவ்வளவு பொறுமையாகக் குறித்து வைத்தார் என்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டவர் தமக்குப் பிடித்த பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்டார். யாரிடம் கேட்கிறார் என்று புரியவில்லை. தம்மிடமே கேட்டுக்கொள்கிறார் என்று தோன்றியது. இறுதியில் தீர்ப்பு எழுதப்பட்டது: அச்சுக் கோத்தவரின் பிழைகள் திருத்தப்படும், தாயாரின் பேச்சு அப்படியே இருக்கும், முன்குறிப்பில் அதை ஒரு வரியில் சொல்லிவிடுவோம். 'ஏழு இடங்கள்' என்று சார் தம் குறிப்புத் தாளில் எழுதிக்கொண்டார். என் புத்தகத்தின் தாளிலோ, சுவரில் என்பதே சரி என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அது வடிவமைப்பாளரின் துறை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும் என்பதையும், எந்த வரியும் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது என்பதையும் மட்டும் அவரிடம் கற்றுக்கொண்டேன். தாயாரின் புத்தகம் முதலில் 212 பக்கங்கள் வந்தது. அச்சகத்தில் 16 பக்கம் கொண்ட ஒரு பெரிய தாள்தான் ஒரு ஃபாரம். 13 ஃபாரம் என்றால் 208 பக்கம். நான்கு பக்கங்களுக்காக இன்னொரு தாளை வீணாக்குவதா என்று, பத்தியின் கடைசியில் ஒற்றைச் சொல் தனி வரியாகத் தொங்கும் இடங்களைத் தேடித் தேடி ஏற்றினோம். எழுத்தளவைக் குறைக்க நண்பர் சம்மதிக்கவில்லை. இந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகும் பலருக்கும் வயதாகிவிட்டது என்றார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான, 1578இல் வந்த தம்பிரான் வணக்கம் 16 பக்கம்தான் என்றும், இன்றைய கணக்கில் ஒரே ஃபாரம் என்றும், அந்தக் காலத்தவருக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது என்றும் சார் சொன்னார். ஒவ்வோர் எழுத்தையும் ஈயத்தில் வார்த்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்லலாமா என்று நான் கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

குளிர்காலம் தாளையும் பசையையும் கூடப் பாதிக்கும் என்பதை மாதிரிப்படிகள் வந்தபோதுதான் அறிந்தேன். வெளியில் குளிரில் கிடந்த தாள் கட்டை அப்படியே கொண்டுவந்து அச்சுப்பொறியில் வைத்ததால் ஒரு மாலை முழுதும் தாள் சிக்கிச் சிக்கி நின்றது. அறையின் வெப்பத்துக்குத் தாள் பழக ஒரு நாள் விட்டுவைக்க வேண்டுமாம். மாதிரிப்படியை ஓரிரவு வண்டியிலேயே மறந்து வைத்துவிட்டேன். காலையில் எடுத்து ஆவலோடு அகல விரித்தபோது முதுகில் மெல்லிய சத்தம் கேட்டு, நடுவில் இரண்டு தாள்கள் கையோடு வந்தன. சூடாக உருக்கி ஒட்டும் பசை கடுங்குளிரில் விறைத்துப்போகும் என்று அச்சகத்தார் பொறுமையாக விளக்கினார். புத்தகத்தையும் கொஞ்சம் கணப்பில் வைத்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும் என்றார். பக்கங்கள் அலையலையாக வளைந்திருக்கவில்லை என்று வடிவமைப்பாளர் ஆறுதல் சொன்னார். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இருக்கும்படி அவர் முன்பே கேட்டு வாங்கியிருக்கிறார். அதே மாதிரிப்படியில்தான் என் புத்தகத்தின் இடப்பக்கத் தலைப்புகள் எல்லாவற்றிலும் ஓர் ஒற்று விடுபட்டிருப்பதைக் கண்டோம். உள்ளே இருந்த ஒவ்வொரு காற்புள்ளியையும் வாய்விட்டுப் படித்த நாங்கள், பக்கத்தின் தலையில் இருப்பதை ஒரு முறைகூடப் படித்திருக்கவில்லை.

கோப்புகளை அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, எல்லோரும் போன பிறகு, நான் தனியாக உட்கார்ந்து என் தொகுப்பை இன்னொரு முறை பார்த்தேன். ஒரு கதையில் என் கையும் தவறி 'சுவற்றில்' என்று எழுதியிருந்தது. வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடி எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சுவரில் என்று மாற்றினேன். ஏழு இடங்களில் மாற்றியதாக மென்பொருள் சொன்னது. என் கதைகளில் அத்தனை சுவர்களா என்று வியந்துவிட்டுத் தூங்கப் போனேன். திறந்திருந்த எல்லாக் கோப்புகளிலும் தேடும்படி அந்தப் பெட்டியில் குறிக்கப்பட்டிருந்ததும், பக்கத்தில் தாயாரின் புத்தகமும் திறந்திருந்ததும் மறுநாள் மாலையில்தான் தெரிந்தது. தெரிந்ததும் எனக்கு வியர்த்தது. அந்தக் குளிர்காலத்திலேயே எனக்கு வியர்த்தது அந்த ஒரு முறைதான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. வடிவமைப்பாளர் முந்தைய நாள் சேமித்து வைத்திருந்த படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் பழைய சொல்லை மீட்டார். முடித்ததும் சரிபார்க்க 'சுவற்றில்' என்று தேடினார். ஆறு என்று வந்தது. சார் தம் குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தார். ஏழு. மறுபடி தேடியும் ஆறுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தேநீர் ஆவியில் படிந்த மங்கலைத் துடைத்துவிட்டு, தாம் எண்ணியது தவறாக இருக்கலாம் என்று சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. நண்பர் ஒன்றும் பேசாமல் மூலக் கத்தரிப்புகளின் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

வடிவமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை வாய்விட்டுப் படித்தவர் அவர்தான். 'மழை பற்றிய கட்டுரை சார்' என்றார். பிறகு, படித்த அதே குரலில், முற்றுப்புள்ளி உட்படச் சொன்னார்: 'மழை நின்ற பிறகும் எங்கள் வீட்டுச் சுவற்றிலே மழை பெய்துகொண்டிருந்தது, முற்றுப்புள்ளி.' சுவற்றில் அல்ல, சுவற்றிலே. லகரத்தின் மேல் புள்ளி இருக்கும் இடத்தில் ஏகாரக் குறி வந்துவிட்டதால், கணினிக்கு அது வேறு சொல். நான் இரவில் செய்த அழிவிலிருந்தும் அதனால்தான் தப்பியிருக்கிறது.

சார் 143ஆம் பக்கத்தைப் புரட்டினார். அந்த வரியின் கீழ் விரலை வைத்து ஒரு முறை படித்தார். குளிர்காலம் முழுவதும் பிழைகளைச் சுழித்துக்கொண்டிருந்த பென்சிலால் ஓரத்தில் ஒரு சரிக்குறி போட்டுவிட்டு, 'ஏழு, அனுப்பிவிடும்மா' என்றார்.